மக்கிப்போன கயிற்றின் சொந்தக்காரர்

என் பெயரும் தகப்பனார் பெயரும் கதவு எண்ணும் முதல் தாளில் பதிவாகியிருக்கின்றன. வயது நாற்பத்தொன்று. மணமாகவில்லை. மின்தூக்கி ஓடாத ஒரு குடியிருப்பின் நான்காவது மாடியில் என் அண்ணனுடன் வசித்து வருகிறேன். கடல் வணிகத்தை வைத்து ஆடப்படும் ஓர் இணைய விளையாட்டை நடத்துகிற நிறுவனத்தில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். என் மீது புகார் கொடுத்திருப்பவர் அதே நிறுவனத்தில் எனக்கு மேலதிகாரி. அவர் முதலாளியின் மகளைக் கட்டியவர் என்பதால் வாசற்காவலர் முதல் கணக்கர் வரை எல்லோரும் அவரை மாப்பிள்ளை என்றுதான் சொல்வோம். அவர் பெயரை என் வாயால் சொல்வதில்லை என்று இரண்டு வருடத்துக்கு முன்பே முடிவு செய்துவிட்டபடியால், இந்த வாக்குமூலத்திலும் மாப்பிள்ளை என்றே எழுதிக்கொள்ளும்படி காவலரைக் கேட்டுக்கொண்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை, வற்புறுத்தவில்லை. புகார் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டதும் அழைப்பாணைக்குக் காத்திராமல் நானே பேருந்து பிடித்து வந்தேன்.

என் வேலை என்ன என்று ஆய்வாளர் கேட்டதற்கு நான் சொல்வது பின்வருமாறு. இந்த விளையாட்டில் பல லட்சம் பேர் இருக்கிறார்கள். அவர்கள் மீன் பிடிக்கிறார்கள், படகு கட்டுகிறார்கள், துறைமுகச் சந்தையில் ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்கிறார்கள். அங்கே செல்லும் காசுக்குச் சிப்பி என்று பெயர். ஆடுகிறவர் ஒரு கடற்பாம்பைக் கொன்றால் ஒரு கை சிப்பி கிடைக்கும். அந்தச் சிப்பி யார் மடியிலிருந்தும் வருவதில்லை, அந்த நொடியில் புதிதாகப் பிறக்கிறது. ஆகவே குழாய் எப்போதும் திறந்தே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் போக வழி இல்லாவிட்டால் வீடு முழுகும். அதற்காகப் படகு பழுதுபார்க்கும் கூலி, துறைமுகக் கட்டணம், பாய்க்குச் சாயம் என்று பல வழிகளில் சிப்பியைத் திரும்ப வாங்குகிறோம். வாங்கிய சிப்பி யாருக்கும் போகாது, அழிந்துபோகும். எவ்வளவு பிறக்கிறது, எவ்வளவு அழிகிறது என்று பார்த்து இரண்டையும் ஒட்டி வைப்பதுதான் என் வேலை. ஊரில் எல்லோரும் காசு சம்பாதிக்க வேலைக்குப் போகிறார்கள், நான் காசை ஒழிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன்.

அப்போது காவலர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "இல்லாத காசுக்கு எப்படிம்மா விலைவாசி ஏறும்?" என்று கேட்டார். ஊரில் எல்லோருக்கும் ஒரே நாளில் சம்பளம் இரட்டிப்பானால் முதல் வாரம் எல்லோருக்கும் சந்தோஷம், இரண்டாவது வாரம் கடைக்காரருக்கு மட்டும் சந்தோஷம் என்று சொன்னேன். அவர் தன் பழைய சம்பளத்தையும் இப்போதைய சம்பளத்தையும் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும், தலையை ஆட்டிவிட்டு மறுபடி எழுதினார். விளையாட்டிலும் அதேதான். சிப்பி பெருகினால் விலை ஏறும். புதிதாக வந்தவர் ஒரு வாரம் மீன் பிடித்து வாங்கக்கூடிய சின்னப் படகை மாதக்கணக்கில் பிடித்தாலும் வாங்க முடியாது. அவர் வெறுத்துப்போய் விளையாட்டை விட்டே போய்விடுவார். வடிகாலைக் கவனிப்பவள் என்பதால் மாப்பிள்ளை எனக்குச் சாக்கடை என்று பட்டப்பெயர் வைத்தார். மற்றவர்கள் அதோடு மேடம் சேர்த்துக் கூப்பிட்டார்கள். சாக்கடை இல்லாத வீடு எத்தனை நாளில் நாறும் என்று எனக்குத் தெரியுமாதலால் நான் அதற்குக் கோபப்பட்டதில்லை. என் கோபம் வேறு விஷயத்துக்கு.

என் அண்ணன் அதே நிறுவனத்தில் சர்வர்களைப் பராமரிக்கும் பொறுப்பில் இருந்தார். என்னை அங்கே சேர்த்துவிட்டதும் அவர்தான். எங்கள் பக்கத்துத் தவறினால் யாருக்காவது சிப்பி தொலைந்துபோனால், அதை ஈடுகட்டப் புதுச் சிப்பியை அந்த ஆட்டக்காரரின் கிடங்கில், அதாவது விளையாட்டுக்குள் அவர் காசும் சரக்கும் வைத்திருக்கும் கணக்கில், போடும் அதிகாரம் அண்ணனுக்கு இருந்தது. மாப்பிள்ளைக்கு அந்த அதிகாரம் கிடையாது. யாருக்கு ஈடு கொடுப்பது என்று தீர்மானிக்கிறவர் கையில் அதைக் கொடுக்கும் பொத்தான் இருக்கக் கூடாது என்பது முதலாளி போட்ட விதி. ஒரு நாள் மதியம் அண்ணன் சாப்பிடக் கிளம்பும்போது மாப்பிள்ளை வந்து, ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில் கத்துகிறார், நீங்கள் போய்ச் சாப்பிடுங்கள், கடவுச்சொல்லை மட்டும் சொல்லுங்கள், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். வயிறு காய்ந்துவிடக் கூடாது என்று இவ்வளவு அக்கறையாகச் சொல்கிறாரே என்று அண்ணனும் சொல்லிவிட்டார். அண்ணன் வெளுத்ததெல்லாம் பால் என்று நினைக்கிற ஆள்.

அதன் பிறகு சில மாதங்களில் சந்தையில் விலை ஏறத் தொடங்கியது. எந்தப் பாம்பையும் கொல்லாமல், எந்த மீனையும் விற்காமல் எட்டுக் கிடங்குகளில் மூட்டை மூட்டையாகச் சிப்பி இறங்கியிருப்பதைக் கண்டுபிடித்தேன். அந்த எட்டுக் கிடங்கும் உலகத்தில் இல்லாத ஆட்களின் பெயரில் இருந்தன. நான் அறிக்கை எழுதி, மேலதிகாரி என்ற முறையில் மாப்பிள்ளையிடமே கொடுத்தேன். அவர் அதை வாங்கி வைத்துக்கொண்டு என்னைப் பாராட்டினார். அதன் பிறகு அடுத்த நாள் விசாரணை வைத்தார். சிப்பி அண்ணனின் கடவுச்சொல்லில் உண்டாக்கப்பட்டது, ஆகவே எட்டுக் கிடங்கும் அண்ணனுடையவை, அவற்றில் இருந்த சிப்பியை வெளியே நிஜக் காசுக்கு விற்றிருக்கிறார் என்று அந்த விசாரணையில் முடிவானது. அதற்கு ஆதாரமாக வைக்கப்பட்டது நான் எழுதிய அறிக்கை.

அந்த விசாரணையில் நானும் இருந்தேன். அண்ணன் இன்னும் வாயைத் திறக்கவில்லை, கடவுச்சொல்லை யாரிடமாவது சொன்னீர்களா என்றுகூட யாரும் கேட்கவில்லை. அதற்குள் மாப்பிள்ளை, "அவர் சீட்டுல நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்ல" என்றார். உட்கார்ந்தீர்களா என்று அவரைக் கேட்டவர் யார்? எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். அந்த நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அதன் பிறகு அண்ணன் கடவுச்சொல் விஷயத்தைச் சொன்னபோது, மாட்டிக்கொண்டவன் எதையும் சொல்வான் என்று எழுதிக்கொண்டார்கள்.

வேலையிலிருந்து நீக்கியதை ஒரு கடிதத்தில் முடித்திருக்கலாம். மாப்பிள்ளை எல்லோரையும் வரவேற்பறைக்கு வரச் சொன்னார். அங்கே வைத்து அண்ணனின் அடையாள அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டச் செய்தார். வெட்டச் சொல்லப்பட்ட வாசற்காவலருக்கு அட்டை ஒரே வெட்டில் வெட்டுப்படவில்லை, இரண்டு மூன்று தடவை முயன்றார். அண்ணன் மேசையில் ஒரு காபிக் கோப்பை இருந்தது. அவர் மகள் பள்ளியில் சேர்ந்த புதிதில் அதில் ஒரு கோணல் படகு வரைந்து கொடுத்திருந்தாள். அதை எடுத்துக்கொள்ள அண்ணன் கை நீட்டியபோது, அது விசாரணைக்குத் தேவைப்படும் என்று மாப்பிள்ளை வாங்கிக்கொண்டார். அதன் பிறகு அதன் மேல் கள்ளக்காசு என்று ஒரு சீட்டு ஒட்டி, கூட்ட அறை மேசையில் பேனா போட்டு வைக்கப் பயன்படுத்தி வருகிறார். ஒவ்வொரு திங்கட்கிழமைக் கூட்டத்திலும் அந்தக் கோப்பைக்கு எதிரில் உட்கார்ந்துதான் என் வேலையைச் செய்து வந்தேன்.

செய்தி அண்ணியின் வீட்டுக்கும் போயிற்று. போகும்படி யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும், ஆனால் நிரூபிக்க முடியாததால் அதைப் பதிவு செய்ய வேண்டாம். அண்ணி கெட்டவர் இல்லை. பள்ளியில் மகளைத் திருடன் பிள்ளை என்று சொல்லிவிட்டார்கள் என்று அழுதுவிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தன் தாய் வீட்டுக்குப் போனார். அதன் பிறகு அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். இப்போது அக்கம்பக்கத்தார் மின்விசிறிகளைக் கழற்றிச் சரிசெய்து கொடுக்கிறார். தேவைக்கு மேல் பேசுவதில்லை. மகளோடு தொலைபேசியில் பேசும்போது மட்டும் சத்தமாகச் சிரிப்பார், வைத்த பிறகு கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இவ்வளவு நடந்தும் ஏன் அங்கேயே வேலையில் இருந்தீர்கள் என்று ஆய்வாளர் கேட்டார். உறவுக்காரர்களும் அதையேதான் கேட்டார்கள். மானம் ரோஷம் இல்லையா என்று சித்தி முகத்துக்கு நேரே கேட்டார். மானம் இருந்ததால்தான் இருந்தேன். வெளியே போனால் மாப்பிள்ளையை என்னால் தொட முடியாது. உள்ளே இருந்தால் வடிகால் என் கையில் இருக்கும். அண்ணன் பெயர் துடைக்கப்பட வேண்டும், மாப்பிள்ளை தன் வாயாலேயே கெட வேண்டும், இந்த இரண்டும் ஒரே நாளில் நடக்க வேண்டும் என்று நினைத்தேன். அதுவரை அவரைப் பார்க்கும்போதெல்லாம் வணக்கம் சொன்னேன். அவர் சொன்ன நகைச்சுவைகளுக்கும் சிரித்தேன், அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை.

இனி அந்த எட்டுக் கிடங்குகளைப் பற்றி. விசாரணை முடிந்ததும் அவற்றை முடக்கப்போவதாக மாப்பிள்ளை முதலாளியிடம் சொன்னார், ஆனால் முடக்கவில்லை. சும்மா கிடக்கும் சிப்பி வாராவாரம் கொஞ்சம் கரையும்படி நான் ஏற்கெனவே ஒரு வரி வைத்திருந்தேன். அதற்குப் பயந்து அந்தக் கிடங்குகளில் இருந்த சிப்பியெல்லாம் கயிறாக மாறின. கயிற்றுச் சுருள் எல்லாப் படகுக்கும் தேவை, எந்தத் துறைமுகத்திலும் விலைபோகும், வரியும் கிடையாது. சிப்பியை நம்ப முடியாமல் போனதும் பெரிய வியாபாரங்களில் ஆடுகிறவர்கள் கயிற்றையே காசாகக் கொடுத்து வாங்கத் தொடங்கியிருந்தார்கள். சந்தையில் இருந்த கயிற்றில் பெரும் பங்கு அந்த எட்டுக் கிடங்கில் போய் முடங்கியது. கயிற்றின் விலை வானத்துக்குப் போயிற்று.

அடுத்து நான் கவனித்தது இது. எங்கள் நிறுவனத்தில் ஒரு வழக்கம் உண்டு. விளையாட்டில் எந்த மாற்றம் செய்தாலும் அதைத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் வாசிப்போம். ஆடுகிறவர்களுக்கு வெள்ளிக்கிழமைதான் அறிவிப்போம். இடையில் படம் வரைகிறவர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் தங்கள் வேலையை முடிப்பார்கள். எந்தப் பொருளின் விலை சரியப்போகிறதோ அந்தப் பொருளை எட்டுக் கிடங்கும் செவ்வாய்க்கிழமையே விற்றுவிடும். எது ஏறப்போகிறதோ அதைப் புதன்கிழமைக்குள் வாங்கிவிடும். ஆக, சொந்தக்காரர் எங்கள் கூட்ட அறைக்குள் உட்கார்ந்திருக்கிற ஒருவர் என்பது உறுதி. அண்ணன் போய் இரண்டு வருடம் ஆகியும் கிடங்குகள் திங்கட்கிழமைக் கூட்டத்தைத் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தன.

ஆனால் இதை வைத்து மாப்பிள்ளையைப் பிடிக்க முடியாது. அறையில் பத்துப் பேர் இருக்கிறோம், நானும் அதில் ஒருத்தி. யாருடையது என்று தெரியாத பொருளின் சொந்தக்காரரை வரவழைக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. அந்தப் பொருள் கெட்டுப்போக வேண்டும். கெடும்போது யாருக்கு வயிறு எரிகிறதோ அவர்தான் சொந்தக்காரர்.

அதன் பிறகு நான் முதலாளியைப் பார்க்கப் போனேன். முதலாளி வயதானவர், கூட்டங்களுக்கு வருவதில்லை. அவர் யாருக்கும் தெரியாமல் வேறு பெயரில் விளையாட்டில் சேர்ந்து ஒரு வருடமாக மீன் பிடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். விலை ஏறியிருப்பதைப் பற்றி நான் விளக்க ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் முதலாளிம்மா. என் விளையாட்டுல எனக்கே ஒரு சின்னப் படகு வாங்க வக்கில்ல. கரையில நின்னு தூண்டில் போட்டுட்டு இருக்கேன்" என்றார்.

என் யோசனையைச் சொன்னேன். படகில் கட்டியிருக்கும் கயிறு கெடாது. கிடங்கில் சும்மா கிடக்கும் கயிறு மட்டும் ஈரத்தில் மக்க வேண்டும். கொஞ்சமாக வைத்திருப்பவர்கள் அதை வலையாகப் பின்னிக்கொள்ளலாம், ஆனால் ஒரு கிடங்குக்கு இவ்வளவுதான் என்று அளவு உண்டு. எளிய ஆட்டக்காரர்கள் தப்பித்துவிடுவார்கள், பதுக்கியவர்கள் தப்ப முடியாது. இதோடு இன்னொன்றும் கேட்டேன். கூட்டத்தில் வாசிக்கும் அதே நேரத்தில் ஆடுகிறவர்களுக்கும் அறிவிப்புப் போக வேண்டும், இடையில் நாள் விடக் கூடாது என்றேன்.

"மாப்பிள்ளைக்கு?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும் ஒரே நேரத்துல தெரியட்டும் சார்" என்றேன்.

நான் எழுதிக் கொண்டுபோயிருந்த தாளை அவர் வாங்கிப் படித்தார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று என்னால் சொல்ல முடியாது. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். இனி இதை நிறுத்துவதானால் தன்னிடம்தான் வர வேண்டும், காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று தன் கையாலேயே கீழே ஒரு வரியும் சேர்த்தார்.

அதற்கு அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் வழக்கம்போல நான் மாற்றத்தை வாசித்தேன். மாப்பிள்ளை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கயிறு என்ற சொல் வந்ததும் நிமிர்ந்தார். முழுவதும் கேட்டு முடித்துவிட்டு முகம் கொஞ்சமும் மாறாமல், "நல்ல யோசனை சாக்கடை மேடம். வெள்ளிக்கிழமைதானே வெளியே போகுது?" என்று கேட்டார்.

"இப்பவே போயிடுச்சு சார்" என்றேன்.

சுவரில் இருந்த திரையில் சந்தை விலை எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். கயிற்றின் விலை நாங்கள் பார்க்கப் பார்க்க இறங்கியது. லட்சம் பேருக்குத் தெரிந்த விஷயம், யார் வாங்குவார்? மாப்பிள்ளை ஒரு அவசர அழைப்பு என்று சொல்லி எழுந்து போனார். எங்கள் கூட்ட அறையின் சுவர் கண்ணாடி. அவர் தாழ்வாரத்தில் நின்று கைப்பேசியைத் தட்டிக்கொண்டே இருந்ததையும், காதில் ஒரு தடவைகூட வைக்காததையும் எல்லோரும் பார்த்தோம். அவர் திரும்பி வரும் வரை நான் அண்ணனின் கோப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். இரண்டு வருடமாக எரிந்துகொண்டிருந்த வயிறு அன்று குளிர்ந்தது. இதை மறைக்க எனக்கு விருப்பம் இல்லை.

அதன் பிறகு மதியம் மாப்பிள்ளை என் இடத்துக்கு வந்து, இந்த மாற்றத்தால் ஆடுகிறவர்கள் கோபப்படுவார்கள், உடனே நிறுத்துங்கள் என்று சொன்னார். முதலாளி எழுதியிருந்ததைக் காட்டி, காரணத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள் சார், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன். அவர் நான் நீட்டிய வெற்றுத் தாளை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் அதைச் சுருட்டி என் மேசைக்கு அடியில் இருந்த குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போனார். அதில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. அவரால் என்ன எழுத முடியும், திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தார். நான்கு மாடி ஏறி வந்ததால் மூச்சு வாங்கியது. அண்ணன்தான் கதவைத் திறந்தார். கையில் திருப்புளி இருந்தது, தரையில் ஒரு மின்விசிறியின் இறக்கைகள் கிடந்தன. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் நாற்காலியைப் போட்டு உட்காரச் சொன்னேன், தண்ணீரும் கொடுத்தேன். வீடு தேடி வந்தவர் என்ற மரியாதைக்கு அவ்வளவுதான்.

அவர் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார். கயிறு மக்குவதை இரண்டு வாரம் தள்ளி வைத்தால் போதும், முதலாளியிடம் நானே ஏதாவது ஒரு காரணம் சொல்லிக் கேட்க வேண்டும், அப்படிச் செய்தால் அண்ணனை மறுபடி வேலையில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். பழைய சம்பளத்தைவிடக் கூடவே தருவதாகவும், பழையதை யாரும் பேசாமல் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

அண்ணன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை. அவருக்கு அந்த வேலை எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். சம்பளம் வந்தால் அண்ணி திரும்பி வரவும் கூடும். என் பழிக்காக அவர் வாழ்க்கையைப் பணயம் வைக்கிறேனோ என்ற எண்ணம் அப்போதுதான் முதல் தடவையாக எனக்கு வந்தது. ஆகவே மாப்பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"அது யாரோட கயிறு சார்?"

"என் ஃபிரெண்டு ஒருத்தனோடது."

"அப்போ அண்ணன் திருடலைன்னு எழுதித் தருவீங்களா?"

அதற்கு அவர், அதையெல்லாம் இப்போது எதற்குக் கிளற வேண்டும், மன்னிச்சு சேர்த்துக்கிட்டோம்னு போட்டுக்கலாம் என்றார். மன்னிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணன் திருப்புளியை மெதுவாகக் கீழே வைத்தார். அதன் பிறகு எழுந்து போய்க் கதவை முழுவதுமாகத் திறந்து வைத்து, "பாப்பா, சாருக்கு நேரமாச்சு" என்று என்னிடம் சொன்னார். மாப்பிள்ளை படியில் இறங்கும்போது என்னைப் பார்த்து, உன்னை உள்ளே தள்ளாமல் விடமாட்டேன் என்று சொன்னார். அப்படிப் பேசியதற்கு எதிர்வீட்டு அம்மா சாட்சி. அவர் மின்விசிறிதான் எங்கள் தரையில் கிடந்தது.

அதன் பிறகு கயிறு மக்கத் தொடங்கியது. படத்தில் முதலில் பழுப்பாகும், பிறகு கறுக்கும், கடைசியில் ஒரு பிடி மண்ணாகத் தெரியும். மற்றவர்கள் தங்களிடம் இருந்ததை வலையாகப் பின்னிக்கொண்டார்கள். பதுக்கல் போனதும் கயிறு படகு கட்டுகிறவர்கள் வாங்குகிற விலைக்கு வந்தது, படகின் விலையும் கூடவே இறங்கியது. முதலாளி ஒரு நாள் என் இடத்துக்கே வந்து கைப்பேசியைக் காட்டினார். அதில் ஒரு சின்னப் படகு, நீல நிறப் பாயோடு நின்றது. எட்டுக் கிடங்கு நிறைய மண் கிடந்தது. அந்தக் கயிற்றை விற்பதாக வெளியே யாரிடமோ நிஜக் காசில் முன்பணம் வாங்கியிருந்த மாப்பிள்ளையை அவர்கள் நெருக்கியிருக்கிறார்கள். இது இவர் தவறில்லை என்பதற்குக் காவல்துறையில் கொடுத்த புகாரைக் காட்டினால்தான் நம்புவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். இது நான் சொல்வதல்ல, அவர் புகாரிலேயே எழுதியிருப்பது. ஆய்வாளர் எனக்கு வாசித்துக் காட்டினார்.

அந்தப் புகாரில், அவருக்குச் சொந்தமான கயிறுகளைக் கெட்ட எண்ணத்துடன் நான் அழித்துவிட்டதாக இருக்கிறது. அவருடையது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று ஆய்வாளர் கேட்டபோது, இதே மேசையில் உட்கார்ந்து தன் கைப்பேசியில் தன் கடவுச்சொல்லைப் போட்டு எட்டுக் கிடங்குகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டியிருக்கிறார். பங்குக்கு யாரும் வந்துவிடக் கூடாது என்று, 'மேற்படி எட்டுக் கிடங்குகளும் தொடங்கிய நாள் முதல் எனக்கு மட்டுமே சொந்தமானவை, வேறு எவருக்கும் எந்த உரிமையும் எக்காலத்திலும் இருந்ததில்லை' என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இந்த வரியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கும்படி நான் கேட்டேன். ஆய்வாளர் வாசித்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

எந்த எட்டுக் கிடங்கு தன்னுடையது என்று இன்று மாப்பிள்ளை சொல்கிறாரோ, அதே எட்டுக் கிடங்கை வைத்திருந்ததாகச் சொல்லித்தான் என் அண்ணனின் அட்டையை வெட்டினார்கள். கள்ளச் சிப்பி இறங்கிய நாளில் அவை யாருடையவை என்பதைத்தான் இரண்டு வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்தேன். விடையை இப்போது அவரே அரசாங்கத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் புகாரைத் திரும்பப் பெற விரும்புவதாக இன்று காலை தொலைபேசியில் சொன்னாராம். பெறக் கூடாது என்பது என் வேண்டுகோள். பெற்றாலும் அந்தத் தாள் இங்கேயே இருக்க வேண்டும்.

கேட்ட கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. அவருடைய கிடங்குகளுக்குள் நான் நுழையவில்லை. ஒரு சிப்பியையும் ஒரு முழக் கயிற்றையும் நான் எடுக்கவில்லை. எனக்கு அந்த விளையாட்டில் கணக்கே கிடையாது, கடல் என்றாலே எனக்குத் தலைசுற்றும். செய்த மாற்றம் என் வேலைக்கு உட்பட்டது, முதலாளி கையெழுத்திட்டது, எல்லா ஆட்டக்காரர்களுக்கும் பொதுவானது. விலைவாசி இறங்கியதற்கு எனக்குப் பாராட்டுக் கடிதமும் கொடுத்திருக்கிறார்கள், அதைத் தாக்கல் செய்திருக்கிறேன். கெட்ட எண்ணத்துடன் செய்தீர்களா என்ற கேள்விக்கு என் பதில், பழி வாங்கும் எண்ணத்துடன் செய்தேன் என்பதாகும். வேலையையும் ஒழுங்காகச் செய்தேன், பழியையும் ஒழுங்காக வாங்கினேன். ஒன்றுக்கு இன்னொன்று குறுக்கே வரவில்லை.

அந்தப் புகாரின் நகல் இரண்டு எனக்கு வேண்டும். ஒன்று முதலாளிக்கு. இன்னொன்று அண்ணிக்கு, அவர் அதை மகளின் பள்ளியில் காட்டுவதற்கு. கூட்ட அறை மேசையில் உள்ள காபிக் கோப்பையை விசாரணைக்குத் தேவை என்று சொல்லித்தான் எடுத்தார்கள், ஆகவே விசாரணைக்காக அதைக் கைப்பற்றி, முடிந்த பிறகு உரியவரிடம் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதில் உள்ள சீட்டைக் கிழிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும். உரியவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். என்னைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் கூடவே வந்தார், உள்ளே என்ன சொல்கிறேன் என்று அவருக்கு இன்னும் தெரியாது.

இதில் உள்ளதெல்லாம் நடந்தபடி நானே சொன்னது, கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. எழுதி முடித்ததும் காவலர் முழுவதையும் படித்துக் காட்டினார். படித்துவிட்டு, பழி என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடலாமே, பிற்பாடு உங்களுக்கே தொந்தரவாக இருக்கும் என்று அக்கறையோடு சொன்னார். அது இருக்கட்டும் என்று சொல்லிக் கீழே கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்)